தோட்ட அறிக்கையின் வயிற்றில் ஒரு கல்வெட்டு

"நெட்ல எல்லா இடத்துலயும் தேடிட்டேன் மேடம், அப்படி ஒரு புத்தகமே இல்ல."

வாரத்துக்கு ஒருவராவது போன் செய்து உங்களிடம் இப்படிச் சொல்வார். நம்பிவிடாதீர்கள். அவர் பொய் சொல்கிறார் என்று அர்த்தமில்லை. எல்லா இடத்திலும் தேடினேன் என்பவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் எல்லா விதமாகவும் தேடியிருப்பார்கள். அவ்வளவுதான் விஷயம்.

நான் இந்த நூலகத்தில் சரித்திரப் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தவள். இப்போது உங்களுக்கு இணையத்தில் நூல் தேடித் தர மின்வளப் பிரிவு என்று தனி அறை, ஏசி, ஆளுக்கொரு கம்ப்யூட்டர் எல்லாம் கொடுத்திருக்கிறார்கள். என் காலத்தில் ஒரு கம்ப்யூட்டரும், அது நின்றுபோனால் அதன் தலையில் தட்ட என் கையும்தான் இருந்தன. ஓய்வு பெற்ற பிறகு மௌலா அலியில் வீட்டோடு இருக்கிறேன். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று உங்கள் மேலதிகாரி கேட்டார். எந்தத் தளத்தில் எதைத் தட்டினால் என்ன வரும் என்பதை நான் எழுதப்போவதில்லை. அது மாறிக்கொண்டே இருக்கும், உங்களுக்கு என்னைவிட நன்றாகவும் தெரியும். இடைக்காலச் சரித்திரம் படிப்பவர்கள் உங்களிடம் வந்து நிற்கும்போது திரையில் தெரியாத சில விஷயங்களும் வேண்டியிருக்கும். அதைப் பற்றித்தான் இது.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது தலைமை நூலகராக இருந்தவர் பழைய நகரத்துக்காரர். பெயர் வேண்டாம். தன் பெயர் அச்சில் வருவது அவருக்குப் பிடிக்காது. நான் நூலக அறிவியலில் பட்டம் வாங்கிக்கொண்டு மிடுக்காக வந்து நின்றேன். அவர் என்னைப் பார்த்துவிட்டு நேராக பைண்டிங் அறைக்கு அனுப்பினார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. என் அப்பா அரக்கோணத்திலிருந்து இங்கே ரயில்வே ஒர்க்‌ஷாப்புக்கு ஃபிட்டராக வந்தவர். கையில் கரி படாத வேலை என்று சொல்லித்தான் என்னைப் படிக்க வைத்தார். இங்கே என்னடா என்றால் பசை வாளிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல்.

ஒரு விஷயத்தை நான் கண்ணால் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் அவர் அங்கே உட்கார வைத்திருந்தார். பழைய சமஸ்தான காலத்துத் துறைகள் ஒவ்வொன்றும் ஆண்டறிக்கை போடும். எல்லாம் ஒரே அளவு, ஒவ்வொன்றும் அப்பளம் மாதிரி மெல்லிசு. தனித்தனியாக அட்டை போட ஏது வசதி? அதனால் உயரத்தைப் பார்த்து, நாலைந்து அறிக்கைகளை ஒன்றாக அடுக்கி, ஒரே அட்டைக்குள் தைத்துவிடுவார்கள். முதுகில் பொன் எழுத்தில் வருவது முதலாவதின் பெயர் மட்டும். சிறைத்துறைக்குப் பின்னால் கல்வித்துறை, கல்விக்குப் பின்னால் காடு. பொருள் பார்த்துச் சேர்ப்பதே கிடையாது. நம் ஊர் நூலகங்கள் பலவற்றில் இதுதான் வழக்கம்.

"உள்ளே இருக்கிறதை வாசகர் எப்படி சார் கண்டுபிடிப்பார்?" என்று கேட்டேன்.

அவர் ஊர் உருதுப் பேச்சில் சொன்னார்: "கிதாப் கு நக்கோ டூண்டோ அம்மா. கிஸ் கே கர் மே டெஹ்ரி, வோ டூண்டோ." புத்தகத்தைத் தேடாதே, அது யார் வீட்டில் தங்கியிருக்கிறது என்று தேடு என்பது அதன் அர்த்தம். உள்ளே ஒளிந்திருக்கும் ஒவ்வோர் அறிக்கைக்கும் தனி கார்டு எழுதி, கார்டு பெட்டியில் சேர்க்கச் சொன்னார். முணுமுணுத்துக்கொண்டே எழுதினேன்.

பல வருடம் கழித்து ஊர் ஊராக ஸ்கேன் செய்யும் காலம் வந்தது. நூலகங்களிலிருந்து புத்தகங்கள் ஸ்கேனருக்குப் போயின. கார்டு பெட்டிகள் போகவில்லை. ஸ்கேன் செய்த பிள்ளைகள் முதல் பக்கத்தில் என்ன பெயர் இருக்கிறதோ அதைத் தலைப்பாகப் போட்டுவிட்டு அடுத்த புத்தகத்துக்குப் போனார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அன்றிலிருந்து நூற்றுக்கணக்கான அறிக்கைகள் வேறு யார் பெயரிலோ இணையத்தில் குடியிருக்கின்றன.

இது எனக்குத் தெரிந்திருந்தும், சுகந்தி விஷயம் வரும்வரை இதன் கனம் எனக்கு முழுதாகப் புரிந்திருக்கவில்லை.

சுகந்தி நம் நூலகத்துக்கு வந்துபோகும் வாசகி, ஏ.எஸ்.ராவ் நகரில் ஒரு பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியை. அவள் அப்பா திருநெல்வேலியிலிருந்து வந்து, அங்கே இருக்கும் பொதுத்துறை ஆலையில் இன்ஜினியராக இருந்தவர். அவளுக்கு நாற்பது தாண்டிவிட்டது. வீடு, பள்ளி, மாமியாரின் சர்க்கரை எல்லாவற்றுக்கும் நடுவில் பகுதி நேரமாக முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தாள். காகதீயர் காலத்து ஏரிகள்தான் அவள் தலைப்பு. அதில் ஒரு அத்தியாயம் முழுக்க நாகசானி என்ற பெண்ணைப் பற்றியது. வாரங்கல் பக்கம் ஒரு சிற்றூரில் ஏரி வெட்டியவள் அவள் என்று புத்தகங்கள் சொல்லின, இணையத்தில் பத்துப் பதினைந்து பக்கங்களும் சொல்லின. ஒரு பக்கத்தில் அவளுக்கு நகையெல்லாம் போட்டுப் படம்கூட வரைந்திருந்தார்கள்.

ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் நடக்கும் கூட்டத்தில் குழுவில் இருந்த ஒருவர், "கல்வெட்டின் மூல வாசகத்தை நீங்கள் பார்த்தீர்களா?" என்று கேட்டிருக்கிறார். இவள் இல்லை என்றாள். வாசகத்தைக் கொண்டுவாருங்கள், இல்லையென்றால் அத்தியாயத்தை எடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டார். அதை எடுத்தால் ஆய்வேட்டில் மிச்சம் ஒன்றும் பெரிதாக இல்லை. அந்த மாதக் கடைசியோடு அவளுக்குக் கொடுத்த நீட்டிப்பும் முடிகிறது. முடிந்தால் மறுபடி முதலிலிருந்து பதிவு செய்ய வேண்டும். அதற்கு அவளுக்குத் தெம்பு இல்லை. அது கொரோனா ஊரடங்கு நேரம் வேறு. ஒரு நூலகமும் திறந்திருக்கவில்லை, நம்முடையதும் உட்பட. எனக்கு ஓய்வுக்கு இன்னும் கொஞ்ச நாள் இருந்தது, வீட்டிலிருந்தபடியே வாசகர்களுக்கு பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"அக்கா, சுகந்தி பேசுதேன். டைம் இருக்கா?"

"டைம் இல்லாம எங்க போவப்போறேன். தெருவுலயே கால் வைக்க உடமாட்றாங்க. சொல்லு."

"அந்தக் கல்வெட்டு ஒரு பழைய தொல்லியல் ரிப்போர்ட்ல இருக்குன்னு எல்லாரும் ஃபுட்நோட் போடுதாவ. அந்த ரிப்போர்ட்ட மட்டும் எங்கயுமே காணோம். ஒருத்தரும் கண்ணால பாத்த மாதிரி தெரியலக்கா."

அவள் சொன்னது சரிதான். அடிக்குறிப்புகளைப் பிடித்துக்கொண்டு பின்னால் போய்ப் பார்த்தேன். இவர் அவரைக் காட்டினார், அவர் இன்னொருவரைக் காட்டினார், அந்த இன்னொருவர் அறிக்கையின் ஆண்டை மட்டும் போட்டிருந்தார், பக்க எண் இல்லை. பக்க எண் இல்லாத அடிக்குறிப்பைக் கண்டால் கொஞ்சம் நின்று பாருங்கள். வீட்டு எண் சொல்லாமல் தெருப் பெயர் மட்டும் சொல்பவர் அந்த வீட்டுக்குப் போயிருக்க மாட்டார்.

இரண்டு மூன்று நாளில் சுகந்தி மறுபடி கூப்பிட்டாள். குரலில் துள்ளல். உள்ளூர் வரலாறு எழுதும் ஒரு இணையப் பக்கத்தில் கல்வெட்டின் முழு வாசகமும் தெலுங்கில் கிடைத்துவிட்டது. அவள் வழிகாட்டிப் பேராசிரியரும், இதையே போட்டுச் சமர்ப்பித்துவிடு என்று சொல்லிவிட்டாராம். எனக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். படித்தேன். அரசன் பெயர், ஆண்டு, நாகசானி, ஏரி வெட்டியது, புண்ணியம், எல்லாம் வரிசையாக, கேட்டு வாங்கினது போல இருந்தது. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. நல்லதம்மா என்று பதில் போட்டேன்.

சாப்பிட்டுவிட்டுத் தட்டுக் கழுவும்போது ஏதோ உறுத்தியது. கையைத் துடைத்துக்கொண்டு வந்து மறுபடி எடுத்துப் பார்த்தேன். அந்த வாசகத்தில் ஒரு புள்ளிகூட இல்லை.

கல்வெட்டை அச்சில் ஏற்றுகிறவர்கள், கல் உடைந்த இடத்திலும் எழுத்து தேய்ந்த இடத்திலும் புள்ளி வைப்பார்கள். எனக்குத் தெரியவில்லை என்பதற்கு அவர்கள் வைத்திருக்கும் அடையாளம் அது. இந்தக் கல் எழுநூறு வருடமாக ஏரிக்கரையில் வெயிலிலும் மழையிலும் நிற்கிறது. எருமைகள் முதுகு சொறிந்துகொள்ளும் கல். அதில் ஒரு எழுத்துகூட உதிரவில்லையா? என் சர்வீஸில் அப்படி ஒரு ஏரிக்கரைக் கல்லை நான் கண்டதில்லை. அந்தப் பக்கத்தின் அடியில் ஆதாரம் என்று எதுவும் கொடுக்கவும் இல்லை.

இதைச் சொன்னதும் சுகந்திக்குக் கோபம் வந்துவிட்டது.

"உங்களுக்கென்னக்கா, நீங்க ரிட்டயர் ஆவப் போறிய. எனக்கு இதான் கடைசி சான்ஸு. கைடே சரின்னு சொல்லிட்டாவ, நீங்க எதுக்குக் குறுக்க நிக்கிய?"

போனை வைத்துவிட்டாள்.

இந்த இடத்தில்தான் நம் வேலை கஷ்டம். வாசகர் கோபப்படும்போது இரண்டு பக்கமும் வழுக்கும். ஒன்று, உன் இஷ்டம் என்று கழன்றுகொள்வது. இன்னொன்று, நேர்மையைப் பற்றிப் பிரசங்கம் செய்வது. எனக்குப் பிரசங்கம் நாக்கு நுனிவரை வந்துவிட்டது, மறைக்கவில்லை. ஆனால் அவளுக்கு வேண்டியது அறிக்கை. அது என்னிடம் இல்லை. கையில் ஒன்றும் இல்லாதவளுக்குப் புத்தி சொல்ல என்ன உரிமை? "ஞாயித்துக்கிழமை வரைக்கும் குடு. கிடைக்கலன்னா உன் இஷ்டம்" என்று செய்தி போட்டேன். ரொம்ப நேரம் கழித்து ஒற்றைச் சொல்லில் பதில் வந்தது. "ஹவ்."

இந்த ஊர்ப் பேச்சில் சரி என்று சொல்லிவிட்டாள். இனி நான்தான் மாட்டிக்கொண்டேன்.

தொல்லியல் என்று தேடி ஒன்றும் ஆகப்போவதில்லை, அதை அவள் தேடித் தேய்த்துவிட்டாள். பழைய தலைமை நூலகர் சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அது யார் வீட்டில் தங்கியிருக்கும்? அதே ஆண்டு, அதே சமஸ்தானம், அதே உயரம். சிறை, காடு, முத்திரைத்தாள், மருத்துவம் என்று ஒவ்வொரு துறையின் பெயரையும் போட்டு, அந்த ஆண்டின் அறிக்கைகளை வரவழைத்தேன். உள்ளே சொல் தேடினால் ஒன்றும் வராது. மங்கிய அச்சும் தெலுங்கு எழுத்தும் கலந்த பக்கங்களை இயந்திரம் கிறுக்கலாகத்தான் படித்து வைத்திருக்கும். அதனால் நான் பார்த்தது ஒன்றே ஒன்று, கோப்பின் பருமன்.

சிறைத்துறை மெல்லிசாக இருந்தது. காடு கொஞ்சம் தடிமன், காட்டுக்கு அது நியாயம். அப்புறம் பொதுத் தோட்டங்கள் துறை வந்தது. நானூறு பக்கத்துக்கு மேல். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஊரில் இருப்பது நாலு தோட்டம், ரோஜாச் செடிக்கு இவ்வளவு பேச்சா?

திறந்தேன். ரோஜா, எரு, குரங்குத் தொல்லை. அந்தக் காலத்திலும் குரங்குகள் ஒரு அதிகாரிக்கும் பயப்படவில்லை என்று தெரிந்துகொண்டேன். பிறகு தோட்டம் முடிந்து ஒரு வெற்றுப் பக்கம். அதற்கடுத்து கால்நடை. அதற்கடுத்து, நான் தேடிய ஆண்டின் தொல்லியல் அறிக்கை, தலைப்புப் பக்கத்தோடு, சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. நான் போட்ட சத்தத்தில் என் வீட்டுக்காரர் பாம்பு வந்துவிட்டது என்று துடைப்பக் கட்டையோடு ஓடி வந்தார்.

கடைசியில் இருந்த கல்வெட்டுப் பட்டியலில் அந்த ஊரின் பெயரையும் பார்த்துவிட்டேன். பக்கத்தைத் திருப்பினால் வாசகம். திருப்பவில்லை. எத்தனை ஆசையாக இருந்தது என்று சொல்லி முடியாது. ஆனால் அது அவள் ஆறு ஏழு வருடமாக உழைத்துக்கொண்டிருக்கும் விஷயத்தின் வாசல், நான் முதலில் நுழைந்துவிட்டால் நான் பார்த்ததை அவள் என் குரலில்தான் கேட்பாள். போன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, இரண்டாவது தடவைதான் எடுத்தாள்.

"கெடைச்சிடுச்சு. நான் இன்னும் படிக்கல. லிங்க் அனுப்பறேன், தொறந்து நீயே படி."

இரண்டு பேரும் அவரவர் வீட்டில் ஒரே பக்கத்தைத் திறந்தோம். அவள் பள்ளியில் தெலுங்கு படித்தவள். வாய்விட்டு மெதுவாகப் படித்தாள். ஆண்டு சரி. அரசன் பெயர் சரி. நாகசானி பெயர் வந்தது. நின்றுவிட்டாள்.

பெயர் இருக்கிறது. கீழே ஏரியும் இருக்கிறது. நடுவில் ஒரு வரி முழுக்கப் புள்ளிகள்.

வெட்டினாள் என்று அங்கே இருந்திருக்கலாம். அவள் தகப்பன் வெட்டினான் என்று இருந்திருக்கலாம். பெரிய மழையில் உடைந்தது என்றுகூட இருந்திருக்கலாம். கல்லுக்குத்தான் தெரியும், அந்த இடத்தில் கல்லே உடைந்து போயிருக்கிறது.

"போச்சுக்கா," என்றாள். "சாப்டரே போச்சு. இதுக்கு நான் பாக்காமலே இருந்திருக்கலாம்."

அழுதாள். தேடிக் கொடுத்தவள் நான், அந்தக் கணத்தில் அந்தக் கோப்பு தோட்டத்திலேயே இருந்திருக்கக் கூடாதா என்று எனக்கே தோன்றியது. இந்த வேலையில் நீங்கள் தேடிக் கொடுப்பது எல்லாம் வாசகர் ஆசைப்பட்டதாக இருக்காது. அதற்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

"அழுதுட்டு, கீழ மிச்சத்தையும் படிச்சிடு," என்றேன்.

மூக்கை உறிஞ்சிக்கொண்டு படித்தாள். கீழே உள்ள வரிகளில் கல் நன்றாக இருந்திருக்கிறது, அநேகமாகப் புள்ளியே இல்லை. நாகசானி ஏரிக்குக் கீழே கொஞ்சம் நிலம் எழுதி வைத்திருக்கிறாள். மதகு திறந்து மூடுகிறவருக்கு ஒரு பங்கு. மழைக்காலத்துக்கு முன் கரையில் மண் போடுகிறவர்களுக்கு ஒரு பங்கு. பரம்பரையாக, ஏரி உள்ளவரைக்கும். அந்த இணையப் பக்கத்தில் இந்த வரிகள் சுத்தமாக இல்லை. படம் போட்ட பக்கத்திலும் இல்லை. மண் போடுகிறவரின் கூலியில் என்ன கவர்ச்சி இருக்கிறது, அதனால் யாரும் எடுத்துப் போடவில்லை.

அந்த வரிகளை மறுபடி ஒரு தடவை படித்தாள். அப்புறம் சுகந்தி மெதுவாகச் சொன்னாள்:

"அக்கா, ஏரிய வெட்டுனது யாருன்னு தெரியல. ஆனா அது தூந்து போவாம பாத்துக்கிட்டது இவதான்."

அன்றிலிருந்து மாதக் கடைசிவரை அவள் தூங்கினாளா என்று தெரியாது. காலையில் பிள்ளைகளுக்கு ஆன்லைன் வகுப்பு, மற்ற நேரமெல்லாம் அந்த அத்தியாயம். தலைப்பையே மாற்றி, முழுக்கத் திருப்பி எழுதினாள். ஏரி வெட்டியவர்களைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள், கரையைக் காத்தவர்களுக்குச் சோறு போட்டது யார் என்று கேட்டவர்கள் குறைவு என்று ஆரம்பித்தாள். வழிகாட்டி கொஞ்சம் முறுமுறுத்தார். கடைசி நாளன்று ஆய்வேடு போய்ச் சேர்ந்தது.

வாய்மொழித் தேர்வும் ஆன்லைனில்தான் நடந்தது. யார் வேண்டுமானாலும் சேரலாம் என்பதால் நானும் மைக்கை அணைத்துவிட்டு ஒரு மூலைக் கட்டத்தில் உட்கார்ந்திருந்தேன். வெளி மாநிலத்திலிருந்து சேர்ந்திருந்த தேர்வாளர் வயதானவர், ஆங்கிலத்தில் நிதானமாகக் கேட்டார். சுற்றி வளைத்து அந்தப் பக்கத்துக்கே வந்து நின்றார். அந்த உடைந்த வரியில் என்ன இருந்திருக்கும் என்று நீங்கள் நினைக்கிறீர்கள்?

ஏதாவது அறிவாகச் சொல்லிவிடத் தோன்றும் கேள்வி அது. சொன்னால் பாராட்டும் கிடைக்கும் போலத்தான் அவர் முகம் இருந்தது. வழிகாட்டி கண்ணாலேயே அவளைத் தூண்டினார்.

தெரியாது என்றாள் சுகந்தி. கல் அந்த இடத்தில் உடைந்திருக்கிறது, அதனால் நானும் அந்த இடத்தில் நிறுத்திக்கொண்டேன் என்றாள்.

திரையில் ஒருவரும் அசையவில்லை. என் வீட்டில்தான் நெட் போய்விட்டதோ என்று ரவுட்டரைத் திரும்பிப் பார்த்தேன். பிறகு தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றினார். இத்தனை வருடமாக என் மாணவர்களுக்கு நாகசானி ஏரி வெட்டினாள் என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன், இனி நானும் அங்கேயே நிறுத்திக்கொள்கிறேன் என்றார். அவ்வளவுதான். பட்டம் கொடுக்கலாம் என்று முடிவானது. சுகந்தியின் மாமியார் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, முடிஞ்சுதா, டீ போடட்டுமா என்று கேட்டது எல்லோருக்கும் கேட்டது.

அந்தக் கோப்பை வைத்திருக்கும் இணைய நூலகத்துக்கு எழுதினேன். உள்ளே கால்நடையும் தொல்லியலும் இருக்கின்றன, தலைப்பில் சேருங்கள் என்று. இதுவரை பதில் இல்லை, இன்னும் அது தோட்டத் துறை அறிக்கைதான். நீங்களும் எழுதுங்கள். நம் தளத்திலாவது உள்ளே இருப்பவற்றின் பெயர்களைப் போட்டு வையுங்கள். முணுமுணுத்துக்கொண்டே செய்தாலும் பரவாயில்லை.

ஊரடங்கு தளர்ந்ததும் சுகந்தி கணவரை வண்டி ஓட்டச் சொல்லி அந்த ஊருக்குப் போனாள். எனக்கு ஒரு போட்டோ அனுப்பினாள். கல்லுக்கு ஊர்க்காரர்கள் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்திருக்கிறார்கள். நடுவில், அறிக்கையில் புள்ளிகள் இருந்த அதே இடத்தில், ஒரு பெரிய சில்லு பெயர்ந்து பள்ளமாக இருக்கிறது. அந்தப் பள்ளத்துக்குள் அவள் ஆள்காட்டி விரல். படத்துக்குக் கீழே ஒரு குரல் செய்தி. காற்றுச் சத்தத்துக்கு நடுவில் கேட்டது.

"தொட்டுப் பாத்துட்டேன்க்கா. இங்க ஒண்ணுமே இல்ல."

ஒன்றுமே இல்லை என்று எத்தனையோ வாசகர்கள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். சந்தோஷமாகச் சொன்னவள் அவள் ஒருத்திதான்.